மூடிய அரங்குகள் – 7: அணி போனது, பங்கு நின்றது

1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,693 பேர் கூடினார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ.வும் மோதிய கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் அது. எல்வின் ஹேய்ஸ் தனியாளாக 39 புள்ளிகள் எடுக்க, ஹூஸ்டன் 71–69 என்று ஜெயித்தது. அதே ஊரில், அதே பருவத்தில், ஹூஸ்டன் மேவரிக்ஸ் என்ற தொழில்முறை அணியும் ஆடிக்கொண்டிருந்தது. மறுவருடம் 1969 வசந்தத்தில் அந்த அணி சொந்த ஊரில் ஆடிய கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 89 பேர்.

கூடைப்பந்து பிடிக்காத ஊர் என்று ஹூஸ்டனைச் சொல்ல முடியாது. 52,693 என்ற எண்ணிக்கையே அதற்குச் சாட்சி. மேவரிக்ஸ் அணிக்கு அந்த ஊரில் பேர் சொல்ல ஓர் ஆள் இல்லை, அதுதான் குறை. ஹேய்ஸை இழுத்துவரப் பார்த்தார்கள். அவர் பெரிய லீக்கான என்.பி.ஏ.வின் சான் டியேகோ அணிக்குப் போய்விட்டார். அதன் பிறகு மேவரிக்ஸைத் தூக்கி நிறுத்த யாராலும் முடியவில்லை.

அணி சாகவில்லை, ஊர் மாறியது. பிறகு இன்னொரு முறை மாறியது. மூன்றாவது முறை மாறப்போகும் நேரத்தில்தான் கலைக்கப்பட்டது. கலைந்து 38 ஆண்டுகள் ஆன பிறகும் அதன் பேரில் பணம் வந்துகொண்டிருந்தது. அதன் வழியைப் பிடித்துக்கொண்டு போனால், அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் என்ற ஏ.பி.ஏ. லீக்கின் ஒன்பது வருட வாழ்க்கையும் நமக்குப் புரிந்துவிடும். அந்த லீக்கில் யார் பிழைத்தார்கள், யார் கைவிடப்பட்டார்கள் என்பதும்.

சென்ற பகுதியில் ஏப் சேப்பர்ஸ்டீன் நடத்திய ஏ.பி.எல். லீக், 1962 டிசம்பர் 31 அன்று இரண்டாவது பருவத்தின் நடுவிலேயே கதவடைத்ததைப் பார்த்தோம். சேப்பர்ஸ்டீன் தரையில் வரைந்த மூன்று புள்ளிக் கோடும் அதோடு அழிந்திருக்க வேண்டியது. ஐந்து வருடம் கழித்து அதே கோட்டை மறுபடி வரைந்தவர்கள் ஏ.பி.ஏ.காரர்கள்.

கலிஃபோர்னியாக்காரரான டென்னிஸ் மர்ஃபி இந்த லீக்குக்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர். அமெரிக்கக் கால்பந்தில் போட்டிக்குக் கிளம்பிய ஏ.எஃப்.எல். லீக்கை, பழைய என்.எஃப்.எல். 1966இல் தன்னோடு சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அதே வழியில் போகலாம் என்பது மர்ஃபியின் கணக்கு. புதிதாக ஒரு லீக் தொடங்குவது, வீரர்களுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து என்.பி.ஏ.வின் கையை முறுக்குவது, கடைசியில் அவர்களே வந்து இணைத்துக்கொள்ளும்படி செய்வது. ஆக, பிறக்கும்போதே இணைப்பை எதிர்பார்த்துப் பிறந்த லீக் இது. அதன் எல்லா நடவடிக்கைகளையும் அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஆணையர் ஜார்ஜ் மைக்கன். மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் பழைய நாயகன், மூக்குக்கண்ணாடியோடு ஆடிய ராட்சத உயரக்காரர். பழுப்புப் பந்து கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லி, சிவப்பு வெள்ளை நீலத்தில் பந்தை மாற்றியவர் அவரே. பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பந்து நல்ல கையிலிருந்து கிளம்பி மேலே போகும்போது பார்க்க வேண்டும். பின்பக்கமாகச் சுழலச் சுழல மூன்று நிறமும் பட்டை பட்டையாக உருளும். பந்து சீராகச் சுழல்கிறதா, தள்ளாடுகிறதா என்பது தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் கண்ணில் படும். எறிந்தவர் கை எப்படிப்பட்டது என்று பந்தே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கா முழுவதும் சிறுவர்கள் அதை வாங்கினார்கள். லீக்கோ அந்த வடிவமைப்பைத் தன் பேரில் பதிவு செய்யத் தவறியிருந்தது. யார் யாரோ செய்து விற்றார்கள், வருமானமும் அவர்களுக்கே போனது.

1967 அக்டோபர் 13 அன்று முதல் ஆட்டம். ஓக்லண்ட் ஓக்ஸ் 134, அனாஹைம் அமிகோஸ் 129. பதினொரு அணிகளோடு தொடங்கியது லீக். ஓக்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவர் பாடகர் பேட் பூன். அவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸின் நட்சத்திரம் ரிக் பேரியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நீதிமன்றத் தடையால் பேரி ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அடுத்த பருவத்தில், 1969இல், ஓக்ஸ் சாம்பியன் ஆனது. சாம்பியன் ஆன கையோடு அணி வாஷிங்டனுக்கு விற்கப்பட்டது. அங்கே ஒரு வருடம். பிறகு வர்ஜீனியா ஸ்குவயர்ஸ். கோப்பை வாங்கிய அணியை அதன் ஊரே தாங்கவில்லை என்றால் மற்ற அணிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கோப்பையை, 1968இல், பிட்ஸ்பர்க் பைப்பர்ஸ் வாங்கியது. அதன் நாயகன் கானி ஹாக்கின்ஸ். நம் தொடரில் ஏற்கெனவே வந்தவர்தான். கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது, ஒரு சூதாட்ட வழக்கில் பெயர் அடிபட்டது என்பதற்காக, குற்றச்சாட்டே பதிவாகாத அவரை என்.பி.ஏ. தன் வாசலில் அண்டவிடவில்லை. ஏ.பி.எல். இருந்தவரை அங்கே ஆடினார், அது மூடியதும் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸோடு ஊர் ஊராகச் சுற்றினார். ஏ.பி.ஏ. அவருக்குக் கதவைத் திறந்தது, முதல் வருடமே அவர்தான் லீக்கின் சிறந்த வீரர். என்.பி.ஏ. மீது அவர் தொடுத்த வழக்கு 1969இல் சமரசமானது. அதன் பிறகு ஃபீனிக்ஸ் அணியில் என்.பி.ஏ. ஆட்டமும் ஆடினார். அதே வழக்கில் பெயர் அடிபட்டு அதே தண்டனை பெற்ற ரோஜர் பிரவுன், இண்டியானா பேசர்ஸ் அணியில் சேர்ந்து மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தார். குட்டி லீக் ஒன்று தோற்றே தீரும் என்றாலும் அது எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களைத்தான் நான் சொல்வேன். பெரிய வீடு கதவைச் சாத்தியபோது இவர்கள் போக இன்னோர் இடம் இருந்தது.

ஹூஸ்டன் அணிக்கு வருவோம். 1969இல் அதை ஜிம் கார்ட்னர் உள்ளிட்டவர்கள் வாங்கி வட கரோலினாவுக்குக் கொண்டுபோனார்கள். கார்ட்னர் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர். புதுப் பெயர் கரோலினா கூகர்ஸ். இவர்கள் ஓர் ஊரை நம்பவில்லை. கிரீன்ஸ்பரோ, ஷார்லட், ராலி என்று மாநிலத்தின் மூன்று ஊர்களிலும் மாறி மாறிச் 'சொந்த' ஆட்டம் ஆடினார்கள். கூடைப்பந்தை உயிராக நினைக்கும் மண் அது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் ஆடிப் பெயர் எடுத்தவர்களைத் தேடிப் பிடித்து அணியில் சேர்த்தார்கள், கூட்டமும் வந்தது. 1972இல் லாரி பிரவுன் பயிற்சியாளராக வந்தார். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பில்லி கனிங்காம் வந்தார். அந்தப் பருவத்தில் 57 வெற்றி, 27 தோல்வி. கனிங்காம் லீக்கின் சிறந்த வீரர். கூகர்ஸ் ஆட்டம் ஏ.பி.ஏ. ஆடிய மிக அழகான ஆட்டங்களில் ஒன்று என்று அந்தக் காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இருந்தும் கணக்கு நேராகவில்லை. மூன்று ஊரில் ஆடினால் எந்த ஊரும் முழுதாகத் தன் அணி என்று எண்ணுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் அரங்க வாடகை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பயணம். 1974இல் கனிங்காம் ஃபிலடெல்ஃபியாவுக்கே திரும்பினார். பிரவுன் டென்வருக்குப் போனார். அணியை நியூ ஜெர்சியில் ஜவுளித் தொழில் செய்துவந்த ஆஸி சில்னா, டேனியல் சில்னா சகோதரர்கள் வாங்கினார்கள்.

சில்னாக்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்.பி.ஏ.வில் ஓர் இடம். அது உடனே கிடைக்காது என்பதால் ஏ.பி.ஏ. வழியாக நுழைவது அவர்கள் திட்டம். இணைப்பு வந்தால் எந்த ஊரை என்.பி.ஏ. விரும்பும்? பெரிய தொலைக்காட்சிச் சந்தை இருக்க வேண்டும், ஏற்கெனவே அணி இருக்கக் கூடாது. செயின்ட் லூயிஸ் அப்படிப்பட்ட ஊர். அங்கே இருந்த ஹாக்ஸ் அணி 1958இல் என்.பி.ஏ. சாம்பியன், 1968இல் அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. அந்த வெற்றிடத்தில் சில்னாக்கள் கடை விரித்தார்கள். 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியாகத் தாண்டிய விமானத்தின் பெயரையே கொஞ்சம் மாற்றி அணிக்கு வைத்தார்கள்: ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ்.

இரண்டே பருவம். ஆனால் அந்த அணியின் ஆட்கள் வரிசையைப் பாருங்கள். மார்வின் பார்ன்ஸ்: 1974 என்.பி.ஏ. தேர்வில் பில் வால்டனுக்கு அடுத்தபடியாக, இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். தன்னை எடுத்த ஃபிலடெல்ஃபியாவை விட்டுவிட்டு இங்கே வந்தார். மோரிஸ் லூகாஸ்: எவருக்கும் அஞ்சாத முன்கள வீரர். நியூயார்க் தெருவோர மைதானங்களில் பேரெடுத்த ஃப்ளை வில்லியம்ஸ். அனுபவத்துக்கு ஃப்ரெடி லூயிஸ். வானொலி வர்ணனைக்குச் சிராக்யூஸிலிருந்து வந்த 22 வயதுப் பையன், பெயர் பாப் கோஸ்டாஸ். பின்னாளில் அமெரிக்கா முழுதும் அறிந்த குரல் அது.

பார்ன்ஸ் முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 புள்ளியும் 15க்கு மேல் ரீபவுண்டும் எடுத்தார். பருவம் தொடங்கிச் சில வாரங்களிலேயே ஒருநாள் அணியை விட்டுக் காணாமல் போனார். தேடிப் பிடித்தபோது ஒஹாயோவின் டேடன் நகரில் இருந்தார். கோஸ்டாஸ் பலமுறை சொல்லியிருக்கும் கதை ஒன்று உண்டு. லூயிவில்லிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு விமானப் பயணம். நடுவில் நேர மண்டலம் மாறுவதால், சீட்டில் அச்சிட்டிருந்த இறங்கும் நேரம் ஏறும் நேரத்துக்குச் சில நிமிடம் முந்தியே இருந்தது. காலத்தில் பின்னோக்கிப் போகும் இயந்திரத்தில் நான் ஏற மாட்டேன் என்று சொல்லி, பார்ன்ஸ் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு 22 வயது இளைஞன் இருக்கிறான். கையில் திடீரென்று பெரும் பணம், பக்கத்தில் வழி சொல்ல ஒருவரும் இல்லை. அவர் பிற்காலத்தை நினைத்தால் இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

முதல் பருவத்தில் 32 வெற்றி, 52 தோல்வி. அப்படிப்பட்ட அணி பிளேஆஃப் முதல் சுற்றில் நடப்புச் சாம்பியன் நியூயார்க் நெட்ஸை, ஜூலியஸ் எர்விங் ஆடிய நெட்ஸை, 4–1 என்று வீழ்த்தியது. பருவம் முழுக்க நெட்ஸிடம் தோற்றுக்கொண்டே இருந்த அணி. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஃப்ரெடி லூயிஸ் போட்ட கூடைதான் தொடரை முடித்தது. அடுத்த சுற்றில் கென்டக்கி கர்னல்ஸ் இவர்களை வெளியேற்றிக் கோப்பையும் வாங்கிக்கொண்டது.

அதுதான் உச்சம். அடுத்த பருவத்தில் கூட்டம் கரைந்தது. செயின்ட் லூயிஸ் அரீனா மிகப் பெரிய கட்டடம், அதில் சில ஆயிரம் பேர் உட்கார்ந்தாலே காலியாகத்தான் தெரியும். அந்தச் சில ஆயிரமும் வரவில்லை.

லீக் முழுவதும் அப்போது சரிந்துகொண்டிருந்தது. 1975–76 பருவம் ஏ.பி.ஏ.வின் கடைசிப் பருவம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெம்ஃபிஸிலிருந்து பால்டிமோருக்குப் பெயர்ந்த அணி கிளாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, பயிற்சி ஆட்டங்கள் மூன்று ஆடி, பருவம் தொடங்கும் முன்பே மூடப்பட்டது. சான் டியேகோ செய்ல்ஸ் 11 ஆட்டத்தோடு நின்றது. இந்த அணியின் முந்தைய பெயர் கான்கிஸ்டடோர்ஸ். 1973இல் வில்ட் சேம்பர்லெய்னை 6 லட்சம் டாலர் சம்பளத்தில் கொண்டுவந்து, லேக்கர்ஸ் வழக்கால் அவரை ஆடவிட முடியாமல், பயிற்சியாளராக மட்டும் வைத்திருந்த அணி. பிறகு டிசம்பர் தொடக்கத்தில் யூட்டா ஸ்டார்ஸ். 1971இல் கோப்பை வாங்கிய அணி, 16 ஆட்டத்தோடு மூச்சு நின்றது. உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக 1974இல் அங்கே வந்திருந்த மோசஸ் மலோன், ரான் பூன் முதலானவர்களைச் செயின்ட் லூயிஸ் வாங்கிக்கொண்டது. மிஞ்சியவை ஏழு அணிகள்.

அணிகள் குறைந்ததால் நட்சத்திர ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் பிரிக்கக்கூட ஆள் போதவில்லை. 1976 ஜனவரி 27 அன்று டென்வரில், முதலிடத்தில் இருந்த நக்கெட்ஸ் ஒருபுறமும் மற்ற அணிகளின் நட்சத்திரங்கள் மறுபுறமுமாக ஆடவைத்தார்கள். இடைவேளையில் ஒரு புதுமை: டங்க் போட்டி. ஆர்டிஸ் கில்மோர், ஜார்ஜ் கெர்வின், லாரி கீனன், டேவிட் தாம்சன், ஜூலியஸ் எர்விங் என்று ஐந்து பேர். எர்விங் எதிர்க்கோடிக்கு நடந்துபோனார். அங்கிருந்து நீள நீளமாக அடியெடுத்து ஓடிவந்து, ஃப்ரீ த்ரோ கோட்டருகே எழும்பி, வளையம் வரை மிதந்து பந்தை உள்ளே அறைந்தார். அந்தக் கோட்டிலிருந்து வளையத்தின் பின்பலகை வரை 15 அடி. நாலு மாதத்தில் செத்துப்போகும் லீக்கின் அரைநேர இடைவேளையில் நடந்தது இது. இன்று அந்த ஆட்டத்தை விரும்பும் எல்லோருக்கும் தெரிந்த காட்சியாக நிற்கிறது.

மே 13 அன்று நெட்ஸ் நக்கெட்ஸை 112–106 என்று வென்று கடைசிக் கோப்பையை எடுத்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு வர்ஜீனியா ஸ்குவயர்ஸ் லீக்குக்குக் கட்ட வேண்டிய பணம் கட்ட முடியாமல் மூடப்பட்டிருந்தது. எர்விங்கையும் கெர்வினையும் முதலில் கண்டெடுத்த அணி அது. இரண்டு பேரையும் விற்றுச் சாப்பிட்டும் பசி தீரவில்லை. இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கும்.

இணைப்புப் பேச்சு பல வருடமாக நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியவர்கள் வீரர்களே. 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன், என்.பி.ஏ. வீரர்கள் சங்கத் தலைவர் என்ற முறையில், இணைப்புக்கு எதிராக வழக்குப் போட்டார். இரண்டு லீக் இருந்தால்தான் ஒரு வீரரை இரண்டு பேர் ஏலம் கேட்பார்கள், ஒரே லீக் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர்கள் வாதம். 1976 பிப்ரவரியில் சமரசம் ஆனது. வழி திறந்தது.

ஜூன் 17, 1976. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹையானிஸ் என்ற கடலோர ஊரில் முடிவு. டென்வர், இண்டியானா, சான் அன்டோனியோ, நியூயார்க் நெட்ஸ் ஆகிய நான்கு அணிகள் என்.பி.ஏ.வுக்குள் போகும். ஒவ்வொன்றும் 32 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் சில வருடங்களுக்குத் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கு கிடையாது. நெட்ஸ் கூடுதலாக, நிக்ஸ் அணியின் எல்லைக்குள் வருவதற்காக, அவர்களுக்கு 48 லட்சம் டாலர் தர வேண்டும். பணத்துக்குப் பதில் எர்விங்கையே தருகிறேன் என்றார் நெட்ஸ் உரிமையாளர் ராய் போ. நிக்ஸ் மறுத்தது. வேறு வழியில்லாமல் எர்விங்கை 30 லட்சம் டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார்கள். எர்விங் இல்லாத நெட்ஸ் அடுத்த பருவத்தில் 22 ஆட்டம்தான் ஜெயித்தது. இண்டியானா பேசர்ஸ் நிலை இன்னும் மோசம். 1977 ஜூலையில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் பயிற்சியாளர் பாபி லெனர்டும் அவர் மனைவி நான்சியும் உட்கார்ந்து, இரவு பகலாக மக்களிடம் பருவச் சீட்டு வாங்கச் சொல்லிக் கேட்டார்கள். 8,000 சீட்டு விற்றால் அணி ஊரில் தங்கும். நிகழ்ச்சி முடியும்போது எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியது. அணி தங்கியது.

உள்ளே போகாத இரண்டு அணிகள் கென்டக்கியும் செயின்ட் லூயிஸும். இவர்கள் வழக்குக்குப் போனால் இணைப்பே கெடும் என்பதால், ஈட்டுத் தொகை கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. கென்டக்கியின் உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன், கே.எஃப்.சி. கோழிக் கடைகளை நாடெங்கும் பரப்பியவர், பின்னாளில் மாநில ஆளுநர். அவர் 30 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு, அதில் பாதியைக் கொடுத்து என்.பி.ஏ.வின் பஃபலோ பிரேவ்ஸில் பாதிப் பங்கு வாங்கிவிட்டார். முந்தைய வருடம்தான் கோப்பை வாங்கிய கர்னல்ஸ் அணி அத்தோடு போயிற்று. அதன் ஊரான லூயிவில் மக்களுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

சில்னாக்கள் அப்போது அணியைச் சால்ட் லேக் சிட்டிக்குப் பெயர்த்து, யூட்டா ராக்கீஸ் என்று பெயர் மாற்றும் ஏற்பாட்டில் இருந்தார்கள். முன்பு ஹூஸ்டன், பிறகு கரோலினா, செயின்ட் லூயிஸ், அடுத்து யூட்டா. அந்த நாலாவது ஊர் காகிதத்தோடு நின்றது. அவர்களும் அவர்கள் வழக்கறிஞர் டொனால்ட் ஷுபாக்கும் கேட்டது வேறு மாதிரி. கையில் 22 லட்சம் டாலர். அதோடு, உள்ளே போகும் நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருமானத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழில் ஒரு பங்கு. நிலத்தை விட்டுக்கொடுத்தவர் விளைச்சலில் வாரம் கேட்பது போல. எத்தனை வருடத்துக்கு? என்.பி.ஏ. இருக்கும் காலம் வரைக்கும்.

நான்கு அணிகளும் சம்மதித்ததில் வியப்பில்லை. தங்களுக்கே இன்னும் சில வருடம் வராத பணத்தில் ஏழில் ஒன்று போனால் என்ன என்று நினைத்திருப்பார்கள். அன்றைய என்.பி.ஏ.வின் தொலைக்காட்சி மதிப்பும் அவ்வளவுதான். 1980இல்கூட, மேஜிக் ஜான்சன் பெயர் நிலைத்த அந்த இறுதி ஆட்டத்தை, சி.பி.எஸ். நாட்டின் பெரும்பகுதியில் நேரலையாகக் காட்டாமல் இரவு நேரம் கழித்துப் பதிவாகத்தான் போட்டது.

இணைப்புக்குச் சில வருடம் கழித்துப் பங்கு வரத் தொடங்கியது. 1982இல் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளப் பேசினார்கள். சில்னாக்கள் 80 லட்சம் கேட்டார்கள். பேச்சு முறிந்தது. அதன் பிறகு லாரி பேர்ட், மேஜிக் ஜான்சன், மைக்கேல் ஜோர்டன் என்று ஆட்டத்தின் காலம் மாறியது. 1990இல் என்.பி.சி. நான்கு வருடத்துக்கு 60 கோடி டாலர் கொடுத்தது. 2002இல் தொடங்கிய ஒப்பந்தம் ஆறு வருடத்துக்கு 460 கோடி. அடுத்தது எட்டு வருடத்துக்கு 740 கோடி. இந்தக் கடைசிக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்குச் சுமார் 93 கோடி. 30 அணிகளுக்குப் பிரித்தால் ஓர் அணிக்கு 3.1 கோடி. நான்கு அணிகளிடமிருந்து ஏழில் ஒன்று வீதம் எடுத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 1.77 கோடி டாலர். அதற்கு ஓர் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தர வேண்டாம், ஓர் அரங்குக்கு வாடகை தர வேண்டாம்.

வெளிநாட்டு ஒளிபரப்பு, கேபிள், இணையம் எல்லாம் 1976 தாளில் அடங்குமா என்று சில்னாக்கள் பிறகு நீதிமன்றம் போனார்கள். 2014 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அதுவரை வாங்கியது சுமார் 30 கோடி டாலர். இப்போது ஒரே தவணையில் 50 கோடி.

சில்னாக்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இரண்டு வருடம் காலி அரங்கில் சொந்தப் பணத்தை இறைத்தார்கள். கேட்டதைக் கேட்டு வாங்கினார்கள், எதிர்த்தரப்பு கண் திறந்தே கையெழுத்துப் போட்டது. எனக்கு ஆறாத விஷயம் வேறு. அணி கலைந்த பிறகும் உரிமையாளரின் பங்கு உயிரோடு இருந்தது. அதே அணியில் ஆடியவர்களின் வருடங்களை மட்டும் என்.பி.ஏ. தன் வருடங்களாகக் கணக்கில் வைக்கவில்லை.

எர்விங் இரண்டு லீக்கிலும் சேர்த்து எடுத்தது 30,026 புள்ளிகள். என்.பி.ஏ.வின் அதிகாரபூர்வ ஏட்டில் இருப்பது 18,364. மிச்சம் 11,662 புள்ளிகளை அவர் சிவப்பு வெள்ளை நீலப் பந்தில் போட்டார் என்பதால் அங்கே இடமில்லை. அணிகள் மூடியபோதும் மாறியபோதும் ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் 1,041 ஆட்டம் தொடர்ந்து ஆடினார் ரான் பூன். அதில் பாதிக்கு மேல் ஏ.பி.ஏ. ஆட்டம். எர்விங்குக்கும் மலோனுக்கும் கெர்வினுக்கும் புகழ் வந்துவிட்டது. ஏ.பி.ஏ.வில் நாலைந்து வருடம் ஆடி, என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என்.பி.ஏ. ஓய்வூதியம் கிடையாது. முட்டி தேய்ந்து, வயதாகி, வாடகைக்கும் மருத்துவத்துக்கும் கையேந்தும் நிலை பலருக்கு வந்தது. இண்டியானாபொலிஸில் டிராப்பிங் டைம்ஸ் என்ற அறக்கட்டளை அவர்களைத் தேடித் தேடி உதவிக்கொண்டிருந்தது, என்.பி.ஏ.விடமும் வருடக்கணக்கில் மன்றாடிக்கொண்டிருந்தது.

மார்வின் பார்ன்ஸ் பிற்பாடு போதையிலும் சிறையிலும் வருடங்களைத் தொலைத்தார். பிறகு மீண்டு, தன்னைப் போல் ஆகாதீர்கள் என்று இளைஞர்களிடம் பேசப் போனார். 2014 செப்டம்பரில் 62 வயதில் இறந்தார். ஸ்பிரிட்ஸ் அணிக்கு 50 கோடி டாலர் முடிவான அதே வருடம்.

2022 ஜூலையில்தான் என்.பி.ஏ.வும் அதன் வீரர்கள் சங்கமும் பாதிப் பாதி போட்டு, ஏ.பி.ஏ. வீரர்களுக்கென்று சுமார் 2.45 கோடி டாலர் ஒதுக்கின. தகுதி பெற்றவர்கள் ஏறக்குறைய 115 பேர். ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் சராசரியாக வருடத்துக்கு 3,828 டாலர். ஐந்து பருவம் ஆடியவருக்கு வருடத்துக்கு 19,000 டாலர் சொச்சம். லீக் மூடி 46 வருடம் கழிந்திருந்தது. காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

(அடுத்த பகுதியில்: 1996இல் தொடங்கி, 1998 டிசம்பரில் மூன்றாவது பருவத்தின் நடுவே திவாலான பெண்கள் லீக்.)